கொப்பரைத் தண்ணீரில் ஒரு கடுகு வெளிச்சம்

சென்னைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் கூடத்தில் கோதண்டபாணி அட்டெண்டர். வீடு திருத்தணியில். விடியற்காலைப் பாசஞ்சரில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, ஒன்பதே காலுக்குக் கூடத்தின் பூட்டைத் திறப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று தறியில் உட்கார வைக்கப்பட்டவர். தறியிலிருந்து தப்பி வந்து சேர்ந்த இடம் இது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கற்றதெல்லாம் துடைத்தும், கழற்றியும், மாட்டியும், பக்கத்தில் நின்று பார்த்தும் கற்றதுதான். திருகு தேய்ந்த நுண்ணோக்கியை ஓட வைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. தெர்மாமீட்டரில் பத்தில் ஒரு டிகிரிக் கோட்டையும், அதில் பாதியையும் கண்ணாலேயே பிரித்துச் சொல்வார். யாராவது "சுமாரா நாப்பது" என்றால் அவர் முகம் சுருங்கிவிடும்.

எழுபத்து நாலில் பேராசிரியர் சடகோபன் திரவப் படிகத்தில் இறங்கினார். வரதராஜன் என்ற ஆராய்ச்சி மாணவனும் வந்து சேர்ந்தான். அந்தப் பொருளைக் கோதண்டபாணி முதலில் பார்த்தபோது அவருக்கு அது அரிசி கழுவிய தண்ணீராகத்தான் பட்டது. இலேசான மஞ்சள் கலங்கல், சீசாவைச் சாய்த்தால் ஓடுகிறது. ஓடுகிற பொருளுக்குள்ளே மூலக்கூறுகள் எல்லாம் தறிப் பாவில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி ஒரே திசை பார்த்து நிற்கின்றன என்று சடகோபன் சொன்னதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நாற்பத்து நான்கு டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் நூல்கள் சிக்காகிவிடும். கலங்கல் போய்த் தெளிந்துவிடும். ஆறவிட்டால் மறுபடி பாவு கட்டிக்கொள்ளும். அந்த மாறுகிற சூடு ஒரு பொருளுக்கு ஒன்றுதான், சீசாவில் இருந்தாலும் சொட்டாக இருந்தாலும் அதேதான் என்பது சடகோபனின் பாடம்.

கோதண்டபாணியின் வேலை, இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே அந்தத் திரவத்தை மெல்லிய படலமாக அடைத்துக் கொடுப்பது. அதற்கு முன்னால் தட்டுகளின் உட்பக்கத்தைத் துணியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். துணி போன வழியிலேயே மூலக்கூறுகள் படுத்துக்கொள்ளும். தன் வீட்டுப் பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து அவர் தேய்த்த தட்டுகளைப் போல வேறு யார் தேய்த்தும் வரவில்லை.

ஒருநாள் நல்ல தட்டு தீர்ந்துபோயிற்று. ஒரு தட்டின் மேல் லேசாகப் புடைத்த லென்ஸ் ஒன்றைக் கவிழ்த்து, இடுக்கில் திரவத்தை விட்டார். லென்ஸ் தட்டைத் தொடுகிற புள்ளியில் படலம் இல்லவே இல்லை என்னும் அளவுக்கு மெல்லியது. அங்கிருந்து வெளியே போகப் போகத் தடிமன் கூடும். மேலும் கீழும் போலராய்டு தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நூல்கள் ஒழுங்காக நிற்கிற இடம் வெளிச்சம், சிக்கான இடம் இருட்டு. சூடாக்கியபோது எல்லாம் இருட்டாயிற்று. ஆறவிட்டார். இருட்டின் நடுவே, தொடு புள்ளியைச் சுற்றிக் கடுகளவு ஒரு வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்ற இடமெல்லாம் விடிந்தது.

தெர்மாமீட்டரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பத்தில் ஒன்றரைப் பங்கு டிகிரி வித்தியாசம்.

மெல்லிய இடத்தில் அந்தப் பொருள் முந்திக்கொண்டு ஒழுங்குக்கு வருகிறது. மறுபடி சூடேற்றினால் கடைசியாகத்தான் குலைகிறது. ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சடகோபனிடம் சொன்னார்.

"கிரேடியண்ட்ப்பா" என்றார் சடகோபன், தலையைத் தூக்காமலே. "நடுவுல சூடு கொஞ்சம் குறைச்சலா இருக்கும். அதான் அங்க முதல்ல ஆறுது."

கோதண்டபாணி லென்ஸை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். கடுகும் ஓரத்துக்கு வந்தது. அதைச் சொன்னார்.

"அப்ப ஈரம். ஈரம் பட்டா இந்தப் பொருளுக்குச் சூடு இறங்கும். ஓரத்துலேர்ந்து ஈரம் ஏறுது, தொடற இடத்துக்கு இன்னும் போய்ச் சேரலை. அவ்வளவுதான்."

சீசாவைச் சுட்ட சுண்ணாம்புக்குள் வைத்து உலர்த்தினார். லென்ஸின் விளிம்பை மெழுகால் அடைத்தார். கடுகு போகவில்லை.

"கரண்ட் ஏறி இறங்கற கூடத்துல பத்துல ஒரு டிகிரியை எவன் நம்புவான்?" என்றார் சடகோபன்.

இதற்கு மட்டும் கோதண்டபாணியிடம் பதில் இல்லை. அந்த வருஷங்களில் மின்வெட்டு இல்லாத நாள் இல்லை. இருக்கிற நேரத்திலும் கூடத்து அடுப்பு மூச்சு வாங்குகிற மாதிரிதான் எரியும். ரயிலில் யோசித்துக்கொண்டே போனார். வீட்டுக்குப் போகிற வழியில், மச்சான் வேணுவின் சாயப் பட்டறையில் பதில் அடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

முப்பது குடம் கொள்ளும் செப்புக் கொப்பரை. ஞாயிற்றுக்கிழமை சாயம் கிடையாது. கொப்பரையைத் தேய்த்து, நல்ல தண்ணீர் நிரப்பி, சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, சுற்றிலும் உமி மூட்டையை அடுக்கினால் ஒரு டிகிரி இறங்க ஒரு மணி நேரம் பிடித்தது. அந்தத் தண்ணீரை ரப்பர் குழாயில் இறக்கி, லென்ஸ் இருந்த பித்தளைப் பெட்டியைச் சுற்றி ஓடவிட்டார். சென்னையில் எந்த அடுப்பும் அவ்வளவு பொறுமையாக ஆறியதில்லை. பழைய நுண்ணோக்கி ஒன்றைச் சடகோபனிடம் சொல்லிவிட்டே ஞாயிறுதோறும் கொண்டுபோனார். கடுகு ஒவ்வொரு முறையும் வந்தது. கூடத்துக் குறிப்பேட்டில் ஏழு பக்கம் நிரம்பிற்று.

அந்தக் குறிப்பேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அளவு தப்பென்று தெரிந்தால், எடுத்தவரே அதன்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்த அளவு செத்த அளவு. பிறகு யாரும் அதைப் பேசக் கூடாது. அடிக்காத பக்கத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அது ஆராய்ச்சிக் கட்டுரைக்குள் போகும். கோதண்டபாணியின் ஏழு பக்கமும் இரண்டுக்கும் நடுவில் நின்றன. வரதராஜன் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டான். அதில் இந்த ஏழு பக்கத்துக்கு ஒரு வரியாவது இடம் வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எழுபத்தேழு ஆடிக் கிருத்திகைக்குச் சடகோபனின் மனைவிக்குத் திருத்தணி மலைக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. "வந்த கையோட உன் கொப்பரையையும் பாத்துடறேன்" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அன்று ஊர் கொள்ளவில்லை. ஸ்பெஷல் ரயில்கள் ஆட்களைக் கொட்டிக்கொண்டே இருந்தன. பட்டறைக்கு விடுமுறை. கோதண்டபாணி காலையிலிருந்தே கொப்பரையை விட்டு நகரவில்லை.

வேணு நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றான். "என்னா பாவா, ஊரே காவடி தூக்கிகினு மலை ஏறுது. நீ இங்க குந்திகினு வெந்நி காய்ச்சிகினு கீற?"

"புரொபசர் வர்றாருடா."

"ஓ, அவரு குளிக்கறதுக்கா? முப்பது குடம் ஆவுமா அவருக்கு?"

"வாயை மூடிகினு அந்த உமி மூட்டையை இப்படித் தள்ளு."

கோதண்டபாணியின் மனைவி பத்மா, வேணுவின் அக்கா, பித்தளைத் தட்டில் ஒரு துணியை வைத்துக்கொண்டு வந்தாள். அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்த கோடித் துணி. மூலையில் மஞ்சள் தடவியிருந்தாள்.

"அவ்ளோ பெரிய மனுஷரு வர்றாரு. அந்தக் கந்தலை வெச்சா கண்ணாடி தேய்ப்பீங்க? நல்ல நாளும் அதுவுமா, இத்த எடுத்துக்குங்க."

கோதண்டபாணிக்கும் அது சரியென்றே பட்டது. முக்கியமான காரியத்துக்குக் கோடித் துணி எடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் மஞ்சள் கண்ணாடியில் ஏறும் என்று அவருக்குத் தோன்றியது. மஞ்சள் பட்ட மூலையைக் கத்தரித்துத் தூரப் போட்டார். இவ்வளவு யோசித்தோமே என்று மனத்துக்குள் கொஞ்சம் மெச்சிக்கொண்டார்கூட. மீதித் துணியால் லென்ஸையும் தட்டையும் தேய்த்தார்.

பதினோரு மணிக்குச் சடகோபன் வெறுங்காலோடு, வேர்த்து வழிய வந்தார். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி இறங்கிய கால்கள் நடுங்கின. வேணு மோர் கொடுத்தான். அவர் முக்காலியில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். கோதண்டபாணி தெர்மாமீட்டரைப் படித்தார்.

"நாப்பத்து நாலு புள்ளி மூணு... ரெண்டரை... ரெண்டு."

"எங்கப்பா உன் கடுகு?"

"இப்ப வரணும் சார்."

"ஒண்ணும் வரலையே."

"ஒண்ணரை... ஒண்ணு."

"வெளிச்சம் வருது" என்றார் சடகோபன். "சுத்தி வருது. நடுவுல வரலை. நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை நிக்கறது. நீயே பாரு."

கோதண்டபாணி குனிந்தார். எங்கும் விடிந்திருந்தது. தொடு புள்ளியைச் சுற்றி மட்டும் கடுகளவு இருட்டு. நூறு தடவைக்கு மேல் வெளிச்சமாகப் பார்த்த இடம் அது. அந்த ஓட்டையும் பிறகு மெல்ல, திட்டுத் திட்டாகத் தெளிந்தது.

"நேத்து வரைக்கும் வெள்ளைப் புள்ளி, இன்னிக்குக் கறுப்புப் புள்ளி. இதுக்கு ஒரே பேர்தான்ப்பா, அழுக்கு." சடகோபன் கோபப்படவில்லை; அதுதான் வலித்தது. "அந்த ஏழு பக்கத்தையும் அடிச்சுடு. மோர் நன்னா இருந்தது."

அன்று கோதண்டபாணி சாப்பிடவில்லை. இன்றைய அளவையும் எட்டாவது பக்கமாக எழுதினார். எடுத்த அளவை எழுதாமல் விடுவது அவர் குணத்தில் இல்லை. அடுத்த மூன்று ஞாயிறும் கொப்பரைத் தண்ணீர் சூடேறியது. அதே லென்ஸ், அதே தட்டு, பழைய வேட்டித் துணி: கடுகு வெளிச்சமாக வந்தது. ஆடிக் கிருத்திகையன்று தேய்த்த அதே கோடித் துணி: கடுகு கறுப்பாக நின்றது. கோடித் துணியால் தேய்த்த கண்ணாடியில் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டுப் பார்த்தார். மாவுப் பொருள் பட்டால் வருகிற நீலம் கோடு கோடாகக் கிளம்பிற்று.

கஞ்சி!

பாவுக்குப் போட்ட கஞ்சி. மஞ்சளை அறுத்து எறிந்த கை கஞ்சியை நினைக்கவில்லை. நெசவு வீட்டில் பிறந்தவனுக்குக் கஞ்சி அழுக்கே இல்லை, அது துணியின் ஒரு பாகம். வேறு எந்த வீட்டு ஆளாக இருந்தாலும் புதுத் துணியைத் தொட்டதும் மொடமொடப்பைக் கவனித்திருப்பான். அவர் விரலுக்கு அது நல்ல துணிக்கு அடையாளமாகத் தெரிந்திருக்கிறது. முக்கியமான அந்த ஒரு நாளைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆத்திரம் அடங்கிய பிறகு விஷயம் வேறு விதமாகத் தெரிந்தது. பழந்துணி தேய்த்த சுவர், மூலக்கூறை ஒழுங்காக நில் என்கிறது. கஞ்சி பூசிய சுவர், கலைந்து போ என்கிறது. தடித்த படலத்தின் நடுவில் இருப்பவற்றுக்கு எந்தச் சுவரும் எட்டாது. மெல்லிய படலத்தில் நடு என்பதே இல்லை, எல்லாம் சுவரோரம்தான். அதனால் சுவர் சொல்கிறபடி மாறுகிற சூடு ஏறுகிறது, அல்லது இறங்குகிறது. கறுப்புப் புள்ளி வெள்ளைப் புள்ளியைப் பொய்யாக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டால் போதும்.

லென்ஸிலும் தட்டிலும் வலது பாதியைப் பழந்துணியாலும் இடது பாதியைக் கோடித் துணியாலும் தேய்த்தார். இரண்டு பாதியும் சேருகிற கோட்டின் மேல் தொடு புள்ளி சரியாக உட்கார வேண்டும். மயிரிழை தள்ளினாலும் வீண். ஏழு முறை தள்ளியது. இரண்டு முறை தட்டு உடைந்தது. ஒரு முறை எல்லாம் சரியாக அமைந்தபின் வேணு காலால் குழாயை இடறிவிட்டான். பதினோராவது முறை, மார்கழியில், அமைந்தது. இருட்டுக்குள் வலப்பக்கம் பாதிக் கடுகு வெளிச்சமாயிற்று. பிறகு சுற்றியிருந்த எல்லாம். இடப்பக்கத்துப் பாதிக் கடுகு கடைசியில். கஞ்சி பட்ட அளவையெல்லாம் எட்டாவது பக்கத்திலேயே சேர்த்து எழுதினார்.

வேணு எட்டிப் பார்த்தான். "பாதி நெலா மாதிரி கீது பாவா."

"ஆங். அந்த மீதிப் பாதியையும் பாரு. அதான் முக்கியம்."

சடகோபன் இன்னொரு முறை திருத்தணிக்கு வருவதாக இல்லை. அந்தப் பாதிப் பாதி லென்ஸைச் சென்னைக்குக் கொண்டுபோனால் கூடத்து அடுப்பில் பத்தில் ஒரு டிகிரி நிற்காது. கெஞ்சியதில் வரதராஜன் ஒரு ஞாயிறு வந்தான். மூன்று முறை ஆறவிட்டுப் பார்த்தான். மூன்றாவது முறை நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"அண்ணே, ஒரே கண்ணாடி, ஒரே தண்ணி, ஒரே ஈரம். கிரேடியண்ட்னா ரெண்டு பாதியும் ஒரே பக்கம்தான் போகணும்."

"அதைத்தான் தம்பி நாலு வருஷமா சொல்லிகினு கீறேன். எட்டு பக்கமும் இருக்கு. ஒரு வரி போடுங்க."

"சார்கிட்ட நான் பேசறேன்."

பேசினான். மாசிக் கடைசியில் சடகோபன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் குறிப்பேடு விரிந்திருந்தது.

"உக்காருப்பா" என்றார். அவர் அறையில் கோதண்டபாணி இதுவரை உட்கார்ந்ததில்லை, இப்போதும் நின்றார். "வரதன் சொன்னான். நான் யோசிச்சேன். முதல் ஏழு பக்கத்தையும் அடிக்க வேண்டாம். கட்டுரையில அடிக்குறிப்பா ரெண்டு வரி போட்டுக்கட்டும். ஆனா அந்த எட்டாவது பக்கம், ஆடிக் கிருத்திகை அன்னிலேர்ந்து எடுத்தது, கஞ்சியால வந்த தப்புதானே? நீயே சொல்றே. அதை அடிச்சுக் கையெழுத்துப் போட்டுடு. முன்னுக்குப் பின் முரணா ரெண்டு அளவு இருந்தா வெளியிலேர்ந்து வர்ற பரீட்சகர் பிய்ச்சுடுவார். அந்தப் பாதிப் பாதி வித்தையும் வேண்டாம்."

வரதராஜன் கோதண்டபாணியின் முகத்தைப் பார்த்தான். பென்சில் மேசையில் இருந்தது. ஒரு கோடு. நான்கு வருஷமாக அவர் கேட்ட ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி கிடைக்கிறது.

"சார், எட்டாவது பக்கம் தப்பில்ல."

"கஞ்சி இருந்ததா இல்லையா?"

"இருந்தது சார். கஞ்சி இருந்தப்ப எடுத்த அளவு அது. தெர்மாமீட்டர் சரி, தண்ணி சரி, நீங்களே கண்ணால பாத்தீங்க. அதை அடிச்சா, முதல் ஏழு பக்கத்துக்கு அர்த்தம் இல்லாம போயிடும் சார். சுவருதான் பண்ணுதுன்றதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அது இல்லாட்டி மறுபடி கிரேடியண்ட்டுன்னு யாராவது சொல்லுவாங்க. நானே கூடச் சொல்லுவேன்."

"எனக்கு ஒரு பழைய கதை இருக்குப்பா" என்றார் சடகோபன். குரல் தணிந்திருந்தது. "ஒரு தெர்மாமீட்டரை நம்பி ஒரு கட்டுரை போட்டேன். தெர்மாமீட்டர் தப்பு. அதைத் திருப்பி வாங்கறதுக்குள்ள மானம் போச்சு. ரெண்டு துணியை நம்பி இன்னொரு தரம் நான் போக முடியாது. அடிக்கறியா, இல்லையா?"

"அடிக்க மாட்டேன் சார்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் சொன்ன முதல் மறுப்பு.

"அப்ப எட்டு பக்கமும் வேண்டாம். வரதா, எழுதிக்கோ: படலத்தின் தடிமனால் மாறுநிலைச் சூட்டில் வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை."

வரதராஜன் பேனாவைத் திறந்தான்.

"தம்பி" என்றார் கோதண்டபாணி. "நீங்க பாத்தீங்களே."

பேனா நின்றது. வரதராஜன் தலை குனிந்துகொண்டான்.

கோதண்டபாணி சடகோபன் பக்கம் திரும்பினார். "சார், இல்லைன்னு போடாதீங்க. அது பொய். எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போடறதுன்னா, நாங்க பாக்கவே இல்லைன்னு போடுங்க. நாளைக்கு எவனாவது பாப்பான். இல்லைன்னு போட்டா அவனும் பாக்க மாட்டான்."

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"தடிமனின் விளைவு ஆராயப்படவில்லை" என்றார் கடைசியில். "அப்படியே எழுது. நீ போலாம்ப்பா."

ரயிலில் அன்று உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். ஜெயித்ததாகவும் சொல்ல முடியவில்லை. தோற்றதாகச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கியது அவரேதான் என்பதால் யார் மேலும் கோபப்படவும் முடியவில்லை. அரக்கோணத்தில் வண்டி மாறும்போது யாரோ காலை மிதித்தார்கள். கேட்கவும் தோன்றவில்லை.

சாயப் பட்டறை வாசலில் வேணு, நனைந்த நூல் சிட்டங்களைக் கழியில் கோத்துக்கொண்டிருந்தான்.

"என்னா பாவா, போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிகினு கீற? இன்னான்னு போட்டாங்க?"

"பாக்கலைன்னு."

"யாரு பாக்கலை?"

"நான்தான்டா" என்றார் கோதண்டபாணி. "நாலு வருஷமா இந்தக் கொப்பரையாண்ட குந்திகினு நான் ஒண்ணுமே பாக்கலையாம்."